கைக்கு ஒரு நலன்காவலர்

ராணித்தேனீ இருந்த சட்டத்தைத் தேன்பெட்டியிலிருந்து முழுசாக வெளியே எடுத்த நேரம் பார்த்து விஜிலாவின் இரண்டு கைகளும் நின்றுபோயின.

வலித்து நிற்கவில்லை, சோர்ந்தும் நிற்கவில்லை. மின்சாரம் போனால் விசிறிகூட நாலு சுற்று சுற்றிவிட்டுத்தான் நிற்கும். இவை அந்த மரியாதைகூட இல்லாமல் நின்றன. தூக்கிய சட்டம் தூக்கியபடியே இருந்தது. சட்டத்தில் அடை, அடை நிறைய ஈக்கள், ஈக்களுக்கு நடுவே முதுகில் மஞ்சள் பொட்டு வைத்த ராணி. கூட்டத்தை இரண்டாகப் பிரிப்பதற்காகப் பக்கத்தில் புதுப்பெட்டி ஒன்று வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. அதில் வைக்கவும் முடியாமல், எடுத்த இடத்தில் இறக்கவும் முடியாமல், இலை உதிர்ந்த ரப்பர் தோட்டத்தின் வெயிலில் பிரசாதத் தட்டு ஏந்தியவள் மாதிரி அவள் நின்றாள்.

மணிக்கட்டிலிருந்து ஒரு பெண்குரல், நோயாளியிடம் பேசுகிற தித்திப்போடு சொன்னது: "சற்றுப் பொறுங்கள். உங்கள் நலனே எங்கள் நோக்கம்."

"எனக்க நலம் கெடக்கட்டு! சட்டத்தக் கீழ வைக்க விடு மொதல்ல!"

அந்தக் குரலுக்குக் காது உண்டு. ஆனால் ஈக்களின் இரைச்சலைக் கேட்பதற்கு மட்டும்தான் அந்தக் காது. கையின் சொந்தக்காரி பேசுவதைக் கேட்பதற்கு இல்லை.

வெயில் பட்டதும் அடையிலிருந்த ஈக்கள் பொறுமை இழந்தன. முதல் கொட்டு கழுத்தில் விழுந்தது. தேனீ கொட்டிய இடத்தில் பழுத்த வாழைப்பழம் போல ஒரு மணம் வரும். அது மற்ற ஈக்களுக்கு, 'வாருங்கள், இங்கேதான்' என்று சொல்வது போல. அடுத்தது காதோரம், அதற்கடுத்தது கண்ணுக்குக் கீழே. கை மட்டும் ஓடியிருந்தால் இந்நேரம் சட்டம் புதுப்பெட்டியில் உட்கார்ந்திருக்கும், ஒரு ஈகூடக் கோபப்பட்டிருக்காது. கொட்டு விழுந்ததே கை நின்றதால்தான். ஆனால் அவளைக் கொட்டிலிருந்து காப்பாற்றத்தான் கை நின்றதாம். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

பிறகு குரல் மறுபடி வந்தது: "பாதுகாப்பு நிலைக்குச் செல்கிறோம்." பத்து விரல்களும் ஒரே நேரத்தில் விரிந்தன.

சட்டம் பெட்டியின் விளிம்பில் விழுந்து உடைந்தது. அடை பிளந்து, வெள்ளைப் புழுக்கள் மண்ணில் சிந்தின. எங்கே எங்கே என்று காத்திருந்த எறும்புகள் வந்தன. அடுக்குத்தேனீக்கு ரோசம் அதிகம். வீடு சரியில்லை என்று தோன்றினால் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிவிடும். மத்தியானம் திரும்புவதற்குள் மொத்தக் கூட்டமும் ராணியோடு எழும்பி, தோட்டத்தின் மேலே ஒரு முறை சுற்றிவிட்டு, ஆற்றுப் பக்கமாகப் போயிற்று. விஜிலா கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் இருந்தவற்றிலேயே நல்ல கூட்டம் அது.

விஜிலாவைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். குலசேகரம் போகும் வழியில் பாறைவிளையில், கல்யாணம் கழிந்த நாளிலிருந்து தேனீ வளர்த்தவள். அந்தப் பக்கத்துத் தேன்காரர்கள் உறை போடமாட்டார்கள், முகத்தில் வலை கட்டமாட்டார்கள். பெட்டியைத் திறந்ததும் வெறுங்கையைச் சட்டங்களுக்கு மேலே சும்மா நீட்டிக்கொண்டு நிற்பார்கள். ஈக்கள் வந்து மோந்து பார்த்து, நம்ம ஆள்தான் என்று திரும்பிப் போன பிறகுதான் வேலை. அதற்குக் 'கை காட்டுவது' என்று பெயர். கை காட்டாமல் பெட்டியைத் தொடுகிறவனை ஈயும் மதிக்காது, ஊரும் மதிக்காது.

அப்படிக் கை காட்டிப் பிழைத்தவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது கைகளின் நரம்பைக் கூட்டிக்கொண்டு போனது. கால்கள் பைய திரும்பி வந்தன. கைகள் வரவில்லை. உணர்ச்சி உண்டு, அசைவு இல்லை. நெருப்பு சுடும், கையை இழுத்துக்கொள்ள முடியாது. அந்த நாட்களில் தேன்பெட்டிகள் ஒவ்வொன்றாக ஓட்டை விழுந்து, கோழி அடைகாக்கிற பெட்டிகளாக மாறின.

பிறகு அந்தக் கையுறை வந்தது. 'துணைக்கை' என்று பெயர். உறை என்று சொல்வதுகூடத் தப்பு. விரல்களின் புறத்தில் ஓடுகிற மெல்லிய கறுப்பு வார்கள், முழங்கைக்குக் கீழே ஒரு பட்டை, மணிக்கட்டில் பொத்தான் அளவுக்கு ஒரு கேமராக் கண், அவ்வளவுதான். விரல் நுனிகள் வெளியே இருக்கும். பட்டை நரம்பின் சேதியை வாங்கும், வார்கள் விரலை மடக்கும். நாகர்கோவிலில் அதைப் பொருத்திவிட்ட கிருபாகரன் என்கிற கோயம்புத்தூர்ப் பையன் அன்றைக்கு அவளிடம் பெருமையாகச் சொன்னான்.

"இதுக்குப் பொய் தெரியாதுங்க்கா. நீங்க மனசுல நெனச்சு முடிக்கிறதுக்கு முன்னாலயே நரம்புல சேதி வந்துரும். சில சமயம் உங்களுக்கே தெரியறதுக்கு முந்தி கை செஞ்சுரும். கை செஞ்சுருச்சுன்னா, அது நீங்க நெனச்சதுதான்."

அவள் முதலில் நினைத்தது தன் மூக்கைச் சொறிவதைத்தான். சொறிந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பதிவு செய்கிற பெண், "ஒரு நம்பர் சொல்லுங்கம்மா" என்றபோது, கண்ணைத் துடைத்துக்கொண்டே ஜெயசிங்கின் நம்பரைச் சொன்னாள். ஜெயசிங் அவள் புருஷன், அரசு பஸ்ஸில் கண்டக்டர். போனைப் பிடிக்க விரல் இல்லாத வருடங்களில், கேஸ் சிலிண்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் ரேஷனுக்கும் யார் எங்கே நம்பர் கேட்டாலும் அந்த நம்பரைச் சொல்லியே வாய் பழகியிருந்தது.

அதற்குப் பிறகு வந்தது ஒரு நல்ல காலம். பாழடைந்த ரப்பர் புகைக்கூடத்தின் சுவருக்குள் இருந்த ஒரு கூட்டத்தை அவளே பிடித்தாள். தீக்குச்சி நுனியில் மஞ்சள் சாயம் தொட்டு, ஓடுகிற ராணியின் முதுகில், சிறகில் படாமல் ஒரு பொட்டு வைத்தாள். நல்ல கையுள்ளவர்களுக்கே நடுங்குகிற வேலை அது. அந்தக் கூட்டம்தான் இப்போது போய்விட்டது.

சாயங்காலம் ஜெயசிங் வீட்டுக்கு வந்து, அவள் முகத்தைப் பார்த்துப் பதறினார். கொட்டின இடங்களில் சுண்ணாம்பு தடவினார். அவர் விரல்கள் எப்போதும் மெதுவானவை. கோபித்துக்கொள்ளவே தெரியாத மனுஷன்.

"போனா போட்டு பிள்ளே. கூட்டம் வேற பிடிக்கலாம். கண்ணு போயிருந்தா?"

"கண்ணு எங்கயும் போகாது. பத்து நாளாட்டு இதே கூத்தாக்கும். பெட்டியத் தொறந்தா நிக்கும், புகை போட்டா நிக்கும். கம்பெனிக்காரன் என்னமோ மாத்தியிருக்கான். நாளைக்கு நாகர்கோயிலுக்குப் போயி நாலு கேள்வி கேக்காம விடமாட்டேன்."

"அவனுவளச் சும்மா விடப்படாது" என்றார் ஜெயசிங், சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் போகிற வழியில் மரியசெல்வம் அண்ணனைப் பார்த்தாள். ரப்பர் பால் உறைந்த தகட்டை உருளையில் கொடுக்கும்போது இரண்டு கைகளையும் நசுக்கிக்கொண்டவர் அவர். அவளைப் போலவே துணைக்கை போட்டுத் தேனீ வளர்ப்பவர். வாய் மட்டும் எந்த உருளையிலும் நசுங்காதது.

"எனக்கு நிக்கல்லியே தங்கச்சி. விக்கல் எடுக்க மாதிரி ஒண்ணு பிடிக்கும், பின்ன ஓடிரும். உனக்கு மட்டும் என்ன கேடு?"

அந்தக் கேள்வியையும் சேர்த்துக்கொண்டு போனாள். நாகர்கோவில் கம்பெனியின் குளிர்பதன அறையில், 'அன்பே எங்கள் தொழில்நுட்பம்' என்று எழுதிய சுவருக்குக் கீழே கிருபாகரன் உட்கார்ந்திருந்தான். வீங்கிய முகத்தோடு அவன் முன்னால் போய் நின்று, இரண்டு கைகளையும் மேஜைமேல் போட்டாள்.

"எவன்லே எனக்க கையப் பிடிச்சு நிறுத்தினது?"

பையன் எழுந்தே நின்றுவிட்டான். தண்ணீர் கொடுத்தான். அவள் குடிக்கவில்லை.

"நாங்க நிறுத்தலீங்க்கா. சத்தியமா. போன மாசக் கடைசில 'பரிவு'ன்னு ஒரு புது ஏற்பாடு எல்லாக் கைக்கும் போச்சுங்க. வடக்க ஒருத்தர் துணைக்கையோட கெணத்துல எறங்கி விழுந்துட்டாரு. அதுல பயந்துபோயி மேல இருக்கறவங்க கொண்டுவந்தது. ஆபத்தான வேலைன்னு தெரிஞ்சா கை ஒரு நிமிஷம் கேக்கும்."

"யாருகிட்ட கேக்கும்? எனக்கிட்ட ஒண்ணும் கேக்கல்லியே."

"உங்ககிட்ட இல்லீங்க்கா. உங்க நலன்காவலர்கிட்ட."

"அது ஆரு?"

"பதியும்போது நீங்க நம்பர் குடுத்தீங்கல்ல? அவருக்குத்தான். கையோட கண்ணு பாக்குறது அவரு போன்ல தெரியும். 'ஆகட்டும்', 'வேண்டாம்'னு ரெண்டே ரெண்டு. 'ஆகட்டும்'னா கை ஓடும். 'வேண்டாம்'னா விட்டுரும்." அவன் திரையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னான். "உங்களுக்கு எல்லாத் தடவையும் 'வேண்டாம்'னுதான் வந்திருக்குதுங்க. மரியசெல்வம் அண்ணனுக்குப் பையன் குவைத்துல இருக்காப்ல. தூக்கத்துலகூட 'ஆகட்டும்'னு அமுக்கிருவாப்ல."

திரையில் இருந்த நம்பரை அவள் படிக்கவேண்டியிருக்கவில்லை. வாய் பழகிய நம்பர்.

நேற்று சுண்ணாம்பு தடவிய விரல்கள் அவளுக்கு ஞாபகம் வந்தன. அவனுவளச் சும்மா விடப்படாது என்று சொன்ன குரலும் ஞாபகம் வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவேண்டும் என்பார்கள். இங்கே பூசாரி வீட்டுக்குள்ளேயே, அதே பாயில், பக்கத்திலேயே படுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆனால் கோபம் முதலில் கையில் கிடைத்தவன்மேல்தான் விழுந்தது.

"நீ எதுல வேலைக்கு வருதே?"

"பைக்குலங்க்கா."

"அம்பதுக்கு மேல முறுக்கினா உனக்க அம்மைக்கு மெசேஜ் போவுமா? 'ஆகட்டும்'னு அவங்க அமுக்கினா பெறவுதான் சக்கரம் உருளுமா?"

"இல்லீங்க்கா..."

"ரெண்டு கையும் நல்லா இருக்குதவன் குடிச்சிட்டு லாரி ஓட்டுதான். பட்டாசு ஆலையில மருந்து இடிக்கான். அவனுக்கெல்லாம் நலன்காவலர் உண்டா? கை வராதவளுக்கு மட்டும் என்னத்துக்குலே? எனக்கு விரல்தான் மடங்கல்ல. தலைக்கு என்ன? நாப்பத்திநாலு வயசு பொம்பள, தேனீ கொட்டுமான்னு எனக்குத் தெரியாதா? கொட்டு வாங்கணுமா வேண்டாமான்னு தீர்மானிக்க எனக்கு உரிமை இல்லியா?"

சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். வழக்கமாக இரக்கத்தோடு பார்ப்பவர்கள் ஒருநாள் பயத்தோடு பார்த்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

"நிறுத்துதது கெடக்கட்டு. விரல என்னத்துக்கு விரிக்குது? எனக்க அடை எல்லாம் மண்ணுல கெடந்து எறும்பு தின்னுச்சு."

"பிடிய விடறதுதான் பாதுகாப்பான நிலைன்னு வச்சிருக்காங்க. சூடான பாத்திரமோ, கத்தியோ, எதுன்னாலும் விட்டுட்டா போதும்னு..." அவனுக்கே அது சரியாகப் படவில்லை என்று முகத்தில் தெரிந்தது. "நான் மேல எழுதிப் போடறேனுங்க்கா."

"நீ எழுது. இப்ப அந்த நம்பர எடுத்துட்டு எனக்க நம்பரப் போடு."

"போட்டவங்க நம்பரையே எடுத்துக்காதுங்க. வேற ஒருத்தர் இருந்தே ஆகணும்."

அதாவது அவளுக்கு அவள் போதாது. உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் சரி, தெருவில் போகிறவனாக இருந்தாலும் சரி, அவளைத் தவிர. இதைக் கண்டுபிடித்தவர்கள் ஒரு அறையில் உட்கார்ந்து, தேநீர் குடித்து, நல்ல காரியம் செய்தோம் என்று கைகுலுக்கியிருப்பார்கள்.

பஸ் நிலையத்தில் அவள் வேறு பஸ்ஸில் ஏறியிருக்கலாம். ஜெயசிங்கின் பஸ் வரும்வரை நின்று அதில்தான் ஏறினாள். நல்ல கூட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன்கூடைகள், கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வருகிற ஒரு குடும்பம். ஜெயசிங் அவளைக் கண்டதும் மலர்ந்து, முன்பக்க இருக்கையில் ஒரு பையனை எழுப்பி இடம் வாங்கிக் கொடுத்தார்.

"இரிக்க வேண்டாம். போன எடுங்க" என்றாள் விஜிலா.

அவர் முகம் மாறியது. எதற்கு என்று கேட்கவில்லை. அதிலேயே எல்லாம் தெரிந்துபோயிற்று.

"வீட்டுல பேசுவோம் பிள்ளே."

"வீட்டுல பேசத்தானே பத்து நாளு இருந்துது? அப்ப சுண்ணாம்பு தேச்சிட்டு இருந்தியளே! இந்தப் பஸ்ஸுலதானே நிறுத்தினிய? ஒரு டிக்கெட்டுக்கும் அடுத்த டிக்கெட்டுக்கும் எடையில, சில்லறை எண்ணுத கையால எனக்க கைய நிறுத்திப் போட்டியளே! நான் அங்க ராணியத் தூக்கிட்டு வெயில்ல நிக்கேன்!"

மீன்கூடைக்காரி கூடையை மடியில் நகர்த்திக்கொண்டு வசதியாக உட்கார்ந்தாள். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கவேண்டியவர்கள் யாரும் எழுந்ததாகத் தெரியவில்லை.

ஜெயசிங் பையைத் தோளில் சரியாக்கிக்கொண்டார்.

"நீ கட்டில்ல கெடந்தப்போ உனக்க வாயில ஒரு ஈ வந்து இருந்துது. ஓட்ட உனக்குக் கை வரல்ல. கண்ண மட்டும் உருட்டினே. நானாக்கும் ஓட்டினேன். அண்ணைக்கு நெனச்சேன், இனி ஒரு ஈகூட உன்னத் தொடப்படாதுன்னு. அந்தப் போன்ல பெட்டியும் இரைச்சலும் வந்து 'ஆகட்டுமா'ன்னு கேட்டா, நான் எப்பிடிப் பிள்ளே ஆகட்டும்னு சொல்லுவேன்? எனக்குச் சொல்ல வரல்ல."

அவர் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும். அதனாலேயே கோபம் இன்னும் கூடியது. பொல்லாதவன் என்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம். நல்லவன் கழுத்தைப் பிடித்தால் என்ன செய்வது?

"அந்த ஈய ஓட்டினதுக்கு நான் சாவுத வரைக்கும் உங்களுக்குக் கடன்பட்டிருக்கேன்" என்றாள். "அதுக்காட்டு எனக்க கைய உங்களுக்கு எழுதித் தரல்ல. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு சொல்லுவாவ. புருஷனும் பெண்டாட்டியும் ஆனாலும் கையி வேறயாக்கும். எனக்குக் கொட்டினா எனக்குத்தான் வீங்கும். அந்த வீக்கம் எனக்கு வேணும்."

"கேளும் ஓய் கண்டக்டரே" என்றாள் மீன்கூடைக்காரி, யாரும் கேட்காமலே. ஜெயசிங் அவளுக்கு டிக்கெட் கொடுத்தார். விஜிலாவிடம் போனையும் கொடுத்தார்.

நம்பரை மாற்றுகிற யோசனை மரியசெல்வம் அண்ணனுடையது. குவைத்திலிருக்கும் மகன், பணி நேரத்தில் போன் கத்துகிறது என்று சலித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தான்.

"நம்ம நம்பர நமக்குள்ளயே மாத்திக்கிடுவோம் தங்கச்சி. உனக்கு நான், எனக்கு நீ. வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி. எது வந்தாலும் 'ஆகட்டும்'. கண்ண மூடிக்கிட்டு அமுக்கணும், பாக்கவே படாது."

"சத்தியமா?"

"கர்த்தராணை."

விஜிலாவும் சத்தியம் செய்தாள். கை வராதவள் என்றால் என்னவென்று தெரிந்த ஒருத்தி, இன்னொருவரின் கையைத் தடுப்பாளா? தன்னிடம் சத்தியம் கேட்கிறதே அவமானம் என்று நினைத்தாள். கிருபாகரன் இரண்டு நம்பர்களையும் மாற்றிக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு கைகள் நிற்கவில்லை. பெட்டி திறக்கும்போது ஒரு விக்கல், அவ்வளவுதான். எங்கோ ரப்பர் தோட்டத்தில் அண்ணன் கண்ணை மூடி அமுக்கியிருப்பார். அவள் பெட்டிகளைப் பிரித்தாள், வலுவில்லாத இரண்டு கூட்டங்களை ஒன்றாகச் சேர்த்தாள். தாராளமாகக் கொட்டு வாங்கினாள். ஒருநாள் உதடு வீங்கி, ஆலயத்தில் பாட்டுப் பாட முடியாமல் போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்தவள் ஐயோ பாவம் என்றபோது, "எனக்குக் கொட்டினதுக்கு உனக்கு என்ன?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். ஜெயசிங் இரவுச் சாப்பாட்டின்போது வீக்கங்களைப் பார்ப்பார், சுண்ணாம்பு டப்பாவை அவள் பக்கமாக நகர்த்தி வைப்பார். தடவிவிடட்டுமா என்று கேட்டபிறகுதான் தடவுவார். அந்த மனுஷன் மாறியதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

மரியசெல்வம் அண்ணனின் கை அவளை ஏழெட்டு முறை கேட்டிருக்கும். எல்லாம் பெட்டி வேலை. அவள் பார்க்காமலே 'ஆகட்டும்' அமுக்கினாள். இது என்ன பெரிய காரியம், இதற்கா ஜெயசிங் அவ்வளவு தவித்தார் என்று நினைத்துக்கொண்டாள்.

மாசி பிறந்தது. ரப்பர் மரங்கள் செம்புநிறத்தில் தளிர் விட்டன. தளிரின் காம்பில் தேன் ஊறுகிற காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜெயசிங்குக்கு விடுப்பு. நெய்மீன் குழம்பு வைத்து இருவரும் சாப்பிட உட்கார்ந்தபோது, அலமாரியில் சாய்த்து வைத்திருந்த விஜிலாவின் போன் மூன்று முறை கூவியது. அந்தக் கூவலுக்கு ஜெயசிங்கின் கை சோற்றுக்கு நடுவே நின்றது. அவருக்குத் தெரிந்த சத்தம்.

"அண்ணனாக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவள் எழுந்து போனாள். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கலாம் என்றுதான் போனாள். ஆனால் கண் மூடவில்லை.

திரையில் இருந்தது பெட்டி இல்லை. மரம். அயனி மரத்தின் உச்சி. மரத்தில் பெரிய பொந்து, பொந்துக்குள் அடுக்கடுக்காக அடைகள், அவற்றுக்கு முன்னால் கறுத்த புகை மாதிரி ஈக்கள். மரியசெல்வம் அண்ணனின் ஒரு கை பொந்துக்குள் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு கை எதையோ பிடித்திருந்தது. ஒரு ஏணியின் கடைசிப் படி. ஏணிக்குக் கீழே, வெகு தூரத்தில், ஆற்றங்கரைப் பாறைகள் தெரிந்தன. இரைச்சல் போனைத் தாண்டி அடுக்களை முழுவதும் கேட்டது. அடியில் எழுத்து ஓடியது: 'உயரம். சினந்த தேனீக்கள். ஆகட்டுமா?'

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. நசுங்கின கை. தனி ஆள். கீழே ஏணியைப் பிடிக்க யாராவது இருக்கிறார்களா என்று அவள் பார்த்தாள், தெரியவில்லை. மேலே எத்தனை ஈ என்று பார்த்தாள். கொட்டு விழுந்தால் தலை சுற்றும், தலை சுற்றினால்...

"பதிலு சொல்லு பிள்ளே" என்றார் ஜெயசிங், பின்னாலிருந்து. "ரொம்ப நேரம் காத்திருக்காது."

அவள் 'ஆகட்டும்' என்பதைத்தான் தேடினாள். அப்படித்தான் நினைத்தாள். சத்தியம் செய்தவள், பஸ் நிறைய ஜனங்களுக்கு முன்னால் சண்டை போட்டவள், வேறு எதை நினைப்பாள்? அவள் நினைத்து முடிப்பதற்குள் கை போய்விட்டது. கறுப்பு வார்கள் மெல்ல முறுகின. ஆள்காட்டி விரல் நேராகப் போய் 'வேண்டாம்' என்பதன்மேல் அழுந்தியது.

திரை இருண்டது. இரைச்சல் நின்றது. அடுக்களையில் குழம்பின் மணம் மட்டும் இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு அந்தப் பத்து விரல்கள் ஞாபகம் வந்தன. 'வேண்டாம்' என்றால் பிடி விடும். ஏணியின் படியைப் பிடித்திருந்த பிடி. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. போன் அடித்தது. அவரே, காதில் மாட்டிய கருவியிலிருந்து. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, நடுநடுவே ஈக்களின் சத்தத்தோடு, கொதிக்கிற குரல்.

"எவன்லே எனக்க கையப் பிடிச்சு நிறுத்தினது? தங்கச்சி, கேக்குதியா? கால்முட்டு ஏணியில மாட்டினதுனால உயிரோட தொங்கிட்டுக் கெடக்கேன். கம்பெனிக்காரன் நம்ம ரெண்டு பேரையும் மறுபடி ஏமாத்திட்டான். பொந்துக்குள்ள மஞ்சப் பொட்டப் பாத்தேன் பிள்ளே! உனக்க ராணியாக்கும்! உனக்கிட்டச் சொல்லாம கொண்டாந்து பெட்டியில வைக்கணும்னு வந்தேன். இந்தா, விரலுக்கும் அவளுக்கும் ஒரு நெல்லிக்கா தூரம். அப்பப் பாத்து விட்டுப்போட்டான் பாவி! ஆருன்னு கண்டுபிடி தங்கச்சி. அவன நான் சும்மா விடமாட்டேன்."

விஜிலா தன் கையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் இன்னும் நீட்டியபடியே இருந்தது. அதை மடக்க நினைத்தாள். மடங்கியது. துணைக்கையில் ஒரு கோளாறும் இல்லை.

"நாந்தான் அண்ணே" என்றாள்.

ஜெயசிங் எழுந்து வந்து, அவள் தட்டை மூடி வைத்துவிட்டு, சட்டையை எடுத்து மாட்டினார்.

"ஏணியப் பிடிக்க ஆளு வேணும்" என்றார். "நீ அவருகிட்டப் பேசிட்டே வா. நான் முன்னால போறேன்."